தண்ணீர் தெளியட்டும் என்றிருந்தேன்

எங்கள் தோட்டத்துத் துரைக்கு மீன்பிடிப் பைத்தியம். பைத்தியம் என்று இப்போது எழுதுகிறேன். அந்த நாளில் மனத்துக்குள் அப்படி நினைக்கக்கூட எனக்குத் துணிச்சல் கிடையாது. மலாயாவில், ரெங்கத்திலிருந்து வடகிழக்கே மலையடிவாரம் வரை நீண்டு கிடந்த ரப்பர் தோட்டம் அது. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கி வரும். மேலே பாறைகளுக்கு நடுவே நுரைத்து விழுந்து, ஆள் ஆழத்துக்குக் குழிகளாகத் தேங்கி, பிறகு எங்கள் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் சாதுவாக ஓடிப் போகும். மலாய்க்காரர்கள் கெலா என்று சொல்லும் மீன் அந்தக் குழிகளில் இருந்தது. பெரிய செதில், வெயில் பட்டால் பொன்னிறம். பழத்தையோ புழுவையோ தூண்டிலில் கோத்து யாரும் அதைப் பிடித்துவிடலாம். துரை அப்படிப் பிடிக்கமாட்டார். சேவலின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் கொண்டு தூண்டில் முள்ளில் ஈ மாதிரி ஒன்றைக் கட்டி, அதைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு ஏமாற்றித்தான் பிடிப்பார். மீனை ஏமாற்றுவதில் இத்தனை ஒழுக்கம் பார்த்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் அங்கே ஆபீசில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணி. ஆபீசுக்குப் பின்னால் இருந்த மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. துரை வந்த ஆண்டே அதோடு இன்னொன்றையும் சேர்த்துவிட்டார். விடியலில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, ஆட்கள் பாலுக்கு மரம் வெட்டப் போனதும் நான் சைக்கிளில் ஓடைக்குப் போக வேண்டும். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, துரை பசியாற உட்காருமுன் பங்களாவில் சேர்க்க வேண்டும். முதல் நாள் 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கூப்பிட்டு அனுப்பினார். நன்றாக என்றால் யாருக்கு, குடிக்கிறவனுக்கா மீனுக்கா என்று கேட்டார். 

பிறகு கற்றுக்கொண்டேன். எதைச் சொன்னாலும் கற்றுக்கொள்கிற சாதி நாங்கள். கரையோரத்தில் ஒரு கழியை நட்டு, கத்தியால் கோடு கீறி வைத்தேன். வெள்ளை எனாமல் தட்டு ஒன்றில் துளை போட்டுக் கயிறு கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எத்தனை முழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தேன். சித்திரை வைகாசியில் அந்தப் பக்கம் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் மலையில் இடி இறங்கும். அப்படி ஒரு மழை பெய்தால் மறுநாள் ஓடை செம்மண் குழம்பாக ஓடும். அதற்கடுத்த நாள் கடைத் தேநீர் நிறம். மூன்றாம் நாள் தெளியத் தொடங்கும். தெளிந்தால் மட்டும் போதாது. தண்ணீர் வற்றித் தெளிந்தால் மீன் நூலைப் பார்த்துவிடும். தெளிந்தும் இருக்க வேண்டும், கழியில் இரண்டு கோடு உயர்ந்தும் இருக்க வேண்டும். காற்று கீழிருந்து மேலாக வீச வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. முதல் நாள் மாலையில் ஈசல் பறந்திருந்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் கூடி வருகிற நாள் மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான்.

அப்படிக் கூடி வருகிற நாளில் துரையின் முகம் மலர்ந்திருக்கும் என்பது நானாகக் கண்டுபிடித்த சாஸ்திரம். தண்ணீர் கலங்கினால் துரையும் கலங்குவார், தெளிந்தால் அவரும் தெளிவார் என்று முடிவு கட்டினேன். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஜனங்களிடமும் சொன்னேன். அவர்கள் ஒருபடி மேலே போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு லீவு கேட்பதானாலும், ஒழுகுகிற கூரையைச் சொல்வதானாலும் முதலில் என்னிடம் வந்து ஆற்று நிலவரம் கேட்டார்கள். எனக்குத் தண்ணி சோசியர் என்று பெயர் வைத்தார்கள். "சோசியரே, இன்னிக்கி தண்ணி எப்படி?" என்று ஆட்களை மேய்க்கிற மண்டோர்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் பங்களாப் படி ஏறுவார். கேலிதான் என்றாலும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. ஒரு வெள்ளைக்காரனின் மனத்துக்குச் சாவி என் கையில் இருக்கிறது என்று நம்பினேன். அசடு என்பதற்கு வேறு அடையாளம் வேண்டியதில்லை.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிப் போடத்தான் இவ்வளவு நேரம் ஆற்றைப் பற்றி எழுதினேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் நாங்கள் சிறு பிள்ளைகளாக இருக்கும்போதே வேறொரு தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டார்கள். அக்கா புல்வெட்டப் போனாள், பிறகு பால்மரம் வெட்டப் போனாள். அவள் மரம் வெட்டினாள், நான் பள்ளிக்கூடம் போனேன். தோட்டத்துப் பள்ளியோடு நிற்காமல் ரயிலேறிப் போய் ஆங்கிலம் படித்தேன். அவளுக்குக் கல்யாணமாகி, அந்த மனிதரும் இரண்டு மழைக்காலம் தாண்டாமல் செத்துப் போனார். பிள்ளை இல்லை. நான் கிராணி வேலையில் சேர்ந்தபின் அவள் இருந்த தோட்டத்தை மூடினார்கள். இங்கே வரச் சொன்னேன். வந்த அன்றைக்கே ஒரு வார்த்தையும் சொன்னேன்: ஆபீஸ் பக்கத்தில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதே.

அதற்குக் காரணம் சொல்ல எனக்கு அப்போது நாக்கு கூசவில்லை. கிராணி வீடுகளில் இருந்த மற்றவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அல்லது பட்டணத்தில் படித்தவர்கள். லயத்தில் பிறந்தவன் என்று தெரிந்தால் நாற்காலி தருவார்கள், பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அக்கா சிரித்தாள். "சரிங்க கிராணி" என்றாள். அவ்வளவுதான். லயத்து ஜனங்களுக்கு நாளடைவில் விஷயம் தெரிந்துவிட்டது. அவளுக்காக அவர்களும் வாயைத் திறக்கவில்லை. புது ஆட்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. தோட்டத்தில் உறவினர் யார் என்று ஒரு கட்டம் இருக்கும். அவள் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். என் கையெழுத்து அழகானது என்று பெயர். அந்தக் கோட்டையும் நேராகத்தான் போட்டிருப்பேன்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ரப்பர் விலை விழுந்தது. பக்கத்துத் தோட்டங்களில் பாதி மரங்களை வெட்டாமல் விட்டார்கள். இத்தனை பேரைக் கழித்து ஊருக்குக் கப்பலேற்று என்று எங்கள் தோட்டத்துக்கும் மேலிடத்துக் கடிதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை, பெரிய கிராணி என்னைத் தன் மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், அளந்து பேசுகிறவர். துரை பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார், குடும்பம் உள்ளவர்களை விட்டுவிட்டு முதலில் தனியாட்களைத்தான் அனுப்பப் போகிறார்கள், பதிவேட்டில் உறவுக் கட்டத்தில் கோடு உள்ள பெயர்களை மேலிருந்து வரிசையாக எடுத்துத் தரும்படி உத்தரவு என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உமக்கெண்டு ஆரும் லயத்தில இருந்தா இண்டைக்கே போய்ச் சொல்லும். துரை மாட்டனெண்டு சொல்ல மாட்டார்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது நன்றியல்ல, வெட்கம். எனக்கு யாரும் இல்லையே என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

சொல்லத்தான் போகிறேன், ஆனால் துரையிடம் நேராக, சரியான நாள் பார்த்துச் சொல்வேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அன்று காலை ஓடை செம்மண்ணாக ஓடியது. கழியில் ஐந்து கோடு ஏறியிருந்தது. தட்டு ஒரு சாணில் மறைந்துவிட்டது. 'வெள்ளம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த முகத்தின்முன் போய் நிற்க முடியுமா? மூன்று நாள் பொறுத்தால் தண்ணீர் தெளியும். ஞாயிற்றுக்கிழமை துரை மீன் பிடிப்பார், சிரித்துக்கொண்டே திரும்புவார், அப்போது கேட்டால் காரியம் முடிந்தது.

மாலையில் லயத்துக்குப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஈர விறகு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஊர் என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. இடுப்பில் தூக்கி வைத்த வயதில் கப்பலேறியவள். புருஷன் வீட்டார் அங்கே எங்கோ இருந்தார்கள். செத்துப்போன மகனின் பிள்ளையில்லாத பெண்டாட்டியை வா என்று சொல்லப் போகிறவர்கள் அல்ல.

"கப்பல வுட்டு எறங்கினா எந்தப் பக்கம் நடக்கணும்னுகூட எனக்குத் தெரியாதுடா" என்றாள். "நீ போய் சொல்லு, எங்க அக்கான்னு. அவ்ளோதானே."

ஆற்றில் தண்ணீர் சரியில்லை, இப்போது கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஆத்துல தண்ணி கலங்குனா எனக்கென்ன? நான் என்ன மீனாடா?"

தானே பங்களாவுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தாள். நான் தடுத்தேன். கிராணியின் அக்கா பங்களா வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள் என்று நாளைக்கு ஆபீசில் பேசுவார்கள் என்று சொல்லவில்லை. உனக்குப் பேசத் தெரியாது, காரியத்தைக் கெடுத்துவிடுவாய் என்று சொன்னேன். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் திரும்ப அடுப்பண்டை உட்கார்ந்தாள். என் பேச்சுக்குக் கட்டுப்பட்டாள். அவள் படிக்க வைத்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மலை கறுத்தது. சனிக்கிழமை இரவு முழுக்கக் கொட்டியது. ஞாயிறு காலையில் நான் நட்ட கழியே தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அந்த மாதம் பெய்ததுபோல் ஒரு மழையை நான் அந்தப் பருவத்தில் கண்டதில்லை. ஒவ்வொரு நாளும் தெளியப் போகிற மாதிரி இருக்கும். கரையோரத்தில் நுரை குறையும், பாறையின் தலை தெரியும். மத்தியானம் மறுபடி இடிக்கும். வெள்ளம், கலங்கல், கலங்கல், வெள்ளம் என்று எழுதி எழுதிக் கொடுத்தேன். முன்பெல்லாம் சும்மா வேலையாகப் பார்த்த தண்ணீரை இப்போது சாமி சந்நிதியில் நிற்பதுபோல நின்று பார்த்தேன். தட்டைத் திரும்பத் திரும்ப இறக்கினேன். ஒரு சாண், ஒன்றரைச் சாண், மறுபடி ஒரு சாண்.

துரை வெளியே போகாமல் ஆபீசிலேயே இருந்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். அந்த அறைக்குள் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நான் போய் வந்தேன். திங்கட்கிழமை காலையில் மழைமானிக் கணக்கை மேசையில் வைத்துவிட்டு நான் நகராமல் நின்றேன் போலிருக்கிறது. துரை பேனாவை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

கேட்டார். அவரே கேட்டார். அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஆங்கிலத்தில் அதே குரலில் என்னால் சொல்லிக் காட்ட முடியும். அவருடைய சுருங்கிய புருவத்தைப் பார்த்தேன். திறந்த கதவுக்கு அப்பால் தன் மேசையில் பெரிய கிராணி எழுதுவதை நிறுத்தியிருந்ததையும் பார்த்தேன். "தண்ணீர் இன்னும் கலங்கல்தான் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதில் தண்ணீரின் பங்கு பாதிதான் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்ளலாம். வாயைத் திறந்தால் 'மரம் வெட்டுகிற அந்தப் பெண் என் அக்கா' என்று சொல்ல வேண்டும். பெரிய கிராணி காது கேட்கும் தூரத்தில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் கோடு போட்டவன் நான்தான் என்பதும் வெளியே வரும். மழை ஒவ்வொரு நாள் நீளும்போதும் எனக்குக் கவலையோடு ஓர் ஆறுதலும் இருந்தது. இன்றைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அதற்கடுத்த வியாழனோடு மழை நின்றது. சனிக்கிழமை ஓடை தேநீர் நிறத்துக்கு வந்தது. அன்று மாலை லயத்து விளக்குகளையெல்லாம் ஈசல் மொய்த்தது. ஞாயிறு விடிந்தபோது கழியில் சரியாக இரண்டு கோடு. தட்டு நான்கு முழம் இறங்கியும் கண்ணுக்குத் தெரிந்தது. மெல்லிய மேகம். காற்று கீழிருந்து வந்தது. கரைச் சுழல்களில் ஈசல் இறக்கைகள் மிதந்தன. அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. 'தெளிவு' என்று எழுதி நானே பங்களாவுக்குக் கொண்டுபோனேன். வலையைத் தூக்கிவர நானும் வரட்டுமா என்று கேட்டேன். துரை ஆச்சரியப்பட்டு, சரி என்றார்.

காடு தொடங்கும் இடம் வரை காரில் போய், அங்கிருந்து ஓடையோரமாக ஏறினோம். தண்ணீருக்குள் குனிந்தபடி, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு குழியாக நெருங்கினார். தடியை முன்னும் பின்னும் வீசும்போது நூல் காற்றில் வளைந்து நீளும். ஈ கடைசியில் ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீர்மேல் இறங்கும். மூன்றாவது குழியின்மேல் ஓர் அத்திமரம் சாய்ந்திருந்தது. பழம் விழுகிற இடத்தில் மீன் காத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். பழம் விழுவது மாதிரியே ஈயை அங்கே போட்டார். தண்ணீர் ஒரு தரம் உள்வாங்கியது. பிறகு நூல் கிறீச்சென்று ஓடியது. அரைமணி நேரம் போராடியிருப்பார். அவர் மீனோடு போராடினார். நான் கரையில் நின்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். மீன் அறுத்துக்கொண்டு போயிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வலையில் ஏந்தினேன். என் கை நீளத்துக்கு இருந்தது. துரை நனைந்த காற்சட்டையோடு பாறையில் உட்கார்ந்து சிரித்தார். பிளாஸ்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். தன் ஊரில் பனி உருகி ஓடுகிற மலையாற்றில் கோடை தொடங்கும்போது மீன் இப்படித்தான் எழும்பும் என்று ஏதோ சொன்னார். அந்த முகம் நான் பத்து நாளாகக் காத்திருந்த முகம். நான் கேட்டேன். அக்காவின் பெயரையும் நம்பரையும் சொல்லி, பட்டியலில் இந்தப் பெண் இருக்கலாம், இவள் என் சொந்த அக்கா, அவளை அனுப்பாமல் இருக்க முடியுமா என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

துரை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "பட்டியல் போய்விட்டதே" என்றார். "போன திங்கட்கிழமை. மழையில் வெளியே போக முடியவில்லை, உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் முடித்தேன். நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?"

நீங்கள் சந்தோஷமாக இருக்கிற நாளில் கேட்கலாமென்று இருந்தேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. தண்ணீர் கலங்கினால் உங்களுக்கு மனம் சரியில்லாமல் போகுமே, அதனால் தெளியட்டும் என்று காத்திருந்தேன் என்று விளக்கினேன். சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரப் பேச்சு என்று என் காதுக்குக் கேட்டது. அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். தனக்கு மழை பிடிக்கும் என்றார். மழையில் ஓடை பெருகினால்தானே இந்த மாதிரி மீன் கீழேயிருந்து ஏறி வரும், அந்தப் பத்து நாளும் தான் நிம்மதியாக இருந்ததாகச் சொன்னார். காகிதம் படிக்கும்போது கண் இடுக்குவதுதான் தன் வழக்கம் என்றார்.

நல்ல மனிதர் அவர். அதையும் எழுதத்தான் வேண்டும். சற்று யோசித்துவிட்டு, மேலிடத்துக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம், ஆள் மாறினால் கவலையில்லை, ஒரு பெயரை எடுத்தால் இன்னொரு பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். "நாளைக் காலையில் பெரட்டில் ஒரு பெயர் கொடு. மாற்றி எழுதித் தந்தி அடித்துவிடுகிறேன்" என்றார். எனக்குச் செய்கிற உதவியாக நினைத்துத்தான் சொன்னார். நானும் உதவியாகத்தான் வாங்கிக்கொண்டேன். பாறைமேல் நின்றபடியே கும்பிட்டேன்.

பெயருக்கு நான் யோசிக்கவே இல்லை. பதிவேடு முழுவதும் எனக்கு மனப்பாடம். அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, புல்வெட்டுகிறவள், காலில் ஆறாத புண். தனியாள். பதிவேட்டில் கீழே இருந்ததால் தப்பியிருந்தாள். ஆபீஸ் காகிதத்தில் அவள் பெயரையும் நம்பரையும் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொழுது சாயுமுன் அக்கா வீட்டுக்குப் போனேன். காரியம் முடிந்துவிட்டது என்றேன். அவள் முகம் மலர்ந்தது. எப்படி என்று கேட்டாள். சொன்னேன்.

"எனக்குப் பதிலா யாரு?"

நான் சுவரைக் காட்டினேன். அந்தப் பக்கம் அந்தப் பெண் இருமுவது கேட்டது. லயத்துச் சுவர் பலகைதான்; ஒரு பக்கம் பெருமூச்சு விட்டால் மறுபக்கம் கேட்கும்.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவளுக்கு அங்க யாருடா இருக்கா?"

"யாரும் இல்ல. அதனாலதான்."

 எழுதிவிட்டாயா என்று மட்டும் கேட்டாள். பையைத் தொட்டுக் காட்டினேன். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள், கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவளும் மனநிறைவோடு பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். முகம் பார்த்து மனம் சொல்கிறவன் அல்லவா நான்.

மறுநாள் பெரட்டில் வழக்கம்போல ஆட்கள் வரிசையாக நின்றார்கள். துரை வந்து நின்றதும் நான் அவருக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றேன். பெரிய கிராணி அவருக்கு மறுபக்கம் நின்றார். பெயர் கூப்பிடத் தொடங்குமுன் துரை என் பக்கம் கையை நீட்டினார். நான் பைக்குள் விரலை விட்டேன். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு, மண்டோர் அதட்டியதையும் காதில் வாங்காமல், நேராக நடந்து வந்து துரைக்கு முன்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"தொரை, என் பேரு பட்டியல்ல இருக்காம். அத யாரும் மாத்த வேணாம். நான் போறேன். எனக்கு இங்க யாரும் இல்ல."

கை கூப்பவில்லை, குரல் நடுங்கவில்லை. பேசத் தெரியாது என்று நான் தடுத்து வைத்திருந்த பெண் அவள்.  காலில் புண்ணுள்ள அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் பின் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

துரைக்குத் தெரிந்த தமிழ் வெட்டு, போ, வா என்பதோடு சரி. அவர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பது என் வேலை. பட்டியலில் தன் பெயர் இருக்கட்டும் என்கிறாள், தானாகவே போகச் சம்மதம் என்கிறாள், தனக்கு இங்கே யாரும் இல்லை என்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

துரை பதிவேட்டை வாங்கி அவள் நம்பரைப் பார்த்தார். நேற்று நான் சொன்ன பெயர் அது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. பெரிய கிராணியும் கேட்கும்படி, "இவள் உன் அக்கா என்றாயே?" என்றார்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் என்ன கேட்டார் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிற பார்வை அது, அவ்வளவுதான். நான் அக்கா என்று சொன்னால், என் பையிலிருக்கும் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் அவள் என்னை மறுபடி தம்பி என்று நினைக்கப் போவதில்லை. இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான்.

"அவள் சொல்வது சரிதான் சார்" என்றேன்.

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். துரை முதல் பெயரைக் கூப்பிடச் சொன்னார், நான் கூப்பிட்டேன்.